களிம்பு தடவுமுன் ஒரு கணம்!

நாஞ்சில் நாட்டுக்கு இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலம். நெல்லுக்கும் தென்னைக்கும் அது வரப்பிரசாதம். கைக்குழந்தை உள்ள வீட்டிலோ துணி காயாத கஷ்டம்! ஆகவே நாகர்கோவில் வீடுகளிலும் டயப்பர் குடிபுகுந்துவிட்டது. சௌகரியம்தான். ஆனால் ஈரத்தோடு நெடுநேரம் கட்டிக் கிடந்தால் தொடையிடுக்கு சிவந்து தடித்துப் போகிறது. குழந்தை வீறிடுகிறது. பெரியவர்களின் படைக்கு வாங்கிய களிம்பு அலமாரியில் இருக்கிறது. "ஒரே நாளில் கேட்கும்" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும், சகோதரிகளே!

அப்படிச் சட்டென்று சிவப்பை அடக்கும் களிம்புகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. குழந்தையின் தோல் மெல்லியது. மேலே டயப்பரும் மூடியிருப்பதால், கட்டுப் போட்ட மாதிரி மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். நாள் கணக்கில் தடவினால் தோல் நலிந்து வெளிறும். காளான் தொற்று இருந்தால், மேலுக்கு ஆறினாற்போல் தோன்றி உள்ளுக்குள் பரவும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பி உருண்டையாகலாம், வளர்ச்சி குன்றலாம். 'குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே!' என்று நாம் பூரித்துப் போவோம். அது வியாதியாக இருக்கும்.

தோலில் பூசுவது தோலோடு நிற்கும் என்று எண்ண வேண்டாம். 1972-இல் பிரான்ஸ் தேசத்தில் ஒரு குழந்தைப் பவுடரில் கிருமிநாசினி அளவு மீறிக் கலந்துபோய், 36 குழந்தைகள் இறந்தன.

நம் நாட்டில் 2018-இல் ஸ்டீராய்டுக் களிம்புகள் பல, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆகவே ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்களைக் கண்டால், டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குத் தடவாதீர்கள். ஏற்கெனவே பல நாள் தடவியிருந்தால், உடனே டாக்டரிடம் ட்யூபோடு போய்க் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் சில சமயம் ஆபத்து.

சாதாரணத் தடிப்புக்குச் செய்ய வேண்டியது எளிது. டயப்பரை அடிக்கடி மாற்றுங்கள். வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பிறகு ஜிங்க் ஆக்ஸைடு களிம்போ, வாசனை சேராத வாஸ்லினோ பூசுங்கள். அதுவும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. எரிச்சல் அதிகமானால் விட்டுவிடுங்கள். பவுடர் வேண்டாம், குழந்தை மூச்சோடு இழுத்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, கொப்புளம், சீழ், ஜுரம் கண்டாலோ தாமதியாமல் டாக்டரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

மெதுவாக ஆறினாலும் பாதகமில்லை. அலமாரிக் களிம்பு மட்டும் குழந்தைக்கு வேண்டாம்!