பொய்ச் சங்கும் மெய்ச் சங்கும்

இயந்திரங்களுட் பெரும்பாலானவை பழுதுபடுங்கால் வாய் திறவாமலே நின்றுவிடுகின்றன. சில மட்டும் முன்கூட்டியே கூவி நம்மை எச்சரிக்கின்றன. அத்தகைய இயந்திரத்துக்கு நன்றி பாராட்ட வேண்டியவர்களாகிய நாம், அதன் வாயை அடைப்பதற்கே விரைகிறோம். இந்த வழக்கத்தின் நன்மை தீமைகளை இம்மாதம் ஆராய்வோம்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மைத்துனர் நாகப்பட்டினக் கரையில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். அவருடைய அவுட்போர்டு மோட்டார் சில நாட்களாக நடுக்கடலில் அலறுகிறதாம். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தால் நிறைய இருக்கிறதாம். "சங்கு பொய் சொல்கிறது, கம்பியை அறுத்துவிடலாமா?" என்று ஊரிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார். அன்பர் அவ்வினாவை நம்மிடம் அளித்தார்.

பெஹாலாவில் வாழும் நமக்குப் படகைப் பற்றிய கவலை எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் வாயிலைக் கடந்து செல்லும் டயமண்ட் ஹார்பர் ரோடே ஆற்றுத் துறையை நோக்கிச் செல்வது. அங்கிருந்து காக்த்வீப், நாம்கானா என மீன்பிடி ஊர்கள் தொடர்கின்றன. ஊரிலோ, 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஃபைபர் படகுகள் நம் கடற்கரையெங்கும் பல்கிப் பெருகின. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நம்மவரை வீட்டு மாடிகளிலிருந்து மீட்கத் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கொண்டு வந்த ரப்பர்ப் படகுகளின் பின்புறத்தில் தொங்கியதும் இவ்வகை மோட்டாரே. ஆகவே இது நம் உற்றார் உறவினரின் உயிரோடு தொடர்புடைய பொருள்.

முதலில் சங்கு எதற்காக ஒலிக்கிறது என்பதை அறிதல் வேண்டும். பல மோட்டார்களில் எண்ணெய்க் குறைவுக்கும், என்ஜின் சூடேறியதற்கும் ஒரே சங்குதான். விட்டுவிட்டு ஒலித்தால் ஒரு பொருள், இடைவிடாது ஒலித்தால் வேறு பொருள் எனச் செய்தவர்கள் வகுத்திருப்பர். அவ்வகுப்பு மாடலுக்கு மாடல் மாறுபடும். சாவியைத் திருப்பியவுடன் ஒருமுறை ஒலித்து அடங்குமாயின், பல மோட்டார்களில் அது பழுதன்று; சங்கு தன்னைத்தானே சோதித்துக்கொள்வதாகும். ஆதலின் மோட்டாருடன் வந்த கைநூலை முதலில் தேடி எடுக்க வேண்டும். குளிர்நீர் வெளிவரும் சிறு தாரை தடையின்றிப் பாய்கிறதா என்றும் நோக்க வேண்டும். தாரை மெலிந்திருந்தால் குறை எண்ணெயில் இல்லை. தண்ணீரை ஏற்றும் பம்பிலோ அதன் வழியிலோ இருக்கிறது.

இனி எண்ணெய்க்கு வருவோம். அவுட்போர்டு மோட்டார்கள் டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் என இருவகைப்படும். டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெய் எரிபொருளுடன் கலந்து எரிந்து போகிறது. கையாலேயே கலந்து ஊற்றும் எளிய மோட்டார்களில் எண்ணெய்ச் சங்கே இராது. 1980களில் பரவிய எண்ணெய்ப் பம்பு உள்ள மோட்டார்களில்தான் இச்சங்கு வந்தது.

இவற்றுட் பெரியவற்றில் இரண்டு தொட்டிகள் உண்டு. பெரிய தொட்டி படகினுள் இருக்கும். சிறிய தொட்டி மோட்டாரின் மேல்மூடிக்குள் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு எண்ணெய் சென்றுகொண்டே இருக்க வேண்டும். சங்கோ பெரும்பாலும் சிறிய தொட்டியைப் பார்த்தே ஒலிக்கிறது. மைத்துனர் திறந்து பார்த்தது எந்தத் தொட்டி என்பதே நம் முதல் வினா. படகுத் தொட்டி நிறைந்திருக்க, மோட்டார்த் தொட்டி வறண்டிருக்கலாம். குழாய் மடிந்திருத்தல், வடிகட்டி அடைத்திருத்தல், குழாய் இணைப்புத் தளர்ந்து காற்று புகுதல் ஆகியவை அதற்குக் காரணங்கள். சில மோட்டார்களில் என்ஜினின் காற்றழுத்தமே பெரிய தொட்டியிலுள்ள எண்ணெயைத் தள்ளுகிறது. அங்கே தொட்டி மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து காற்றுக் கசிந்தாலே போதும், எண்ணெய் ஏறாது. இத்தகைய நிலையில் சங்கு சொல்வது முழு உண்மை. அதனைப் பொய்யென்று கொண்டவரே பிழைபட்டவர்.

சிறிய தொட்டியும் நிறைந்திருந்து, பின்னும் சங்கு ஒலித்தால், அப்பொழுதுதான் மிதவையை ஐயுற வேண்டும். தொட்டிக்குள் காந்தம் பதித்த மிதவை ஒன்று எண்ணெயோடு ஏறி இறங்கி, ஒரு சிறு ஸ்விட்சை இயக்குகிறது. கசடு படிந்து மிதவை சிக்கிக்கொள்வதுண்டு. அதனைக் கழற்றித் துடைத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மிதவையைக் கையால் ஏற்றியும் இறக்கியும் பார்த்தால் முள் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். உப்புக்காற்றினால் பச்சைக் களிம்பேறிய இணைப்புகளையும், பாட்டரி முனைகளையும் சுரண்டித் தூய்மை செய்தல் இதனினும் முற்பட்ட கடமை. கடலோரத்தில் மின்சாரத்தின் முதற் பகை உப்பே.

ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரில் முறை வேறு. அங்கே எண்ணெயின் அழுத்தத்தைப் பார்க்கும் ஸ்விட்சு ஒன்று என்ஜின் உடலில் திருகப்பட்டிருக்கும். பல மாடல்களில் அதற்கு ஒரே கம்பிதான். அழுத்தம் குறைந்தால் ஸ்விட்சு அக்கம்பியை என்ஜின் உடலோடு இணைத்துவிடும். உடனே எச்சரிக்கை எழும். முதலில் மோட்டாரை நேராக நிறுத்தி, அளவுக்கோலால் எண்ணெயைப் பார்க்க வேண்டும். சாய்வாகத் தூக்கி வைத்துப் பார்த்தால் அளவு பொய்க்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாசனை வீசினால் எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துள்ளது. இரண்டும் மெய்யான ஆபத்துகள்.

எண்ணெய் நன்றாயிருப்பின் கம்பியைச் சோதிக்கலாம். என்ஜினை ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பினால் எண்ணெய் விளக்கு எரியும் மாடலாயின், ஸ்விட்சிலிருந்து கம்பியைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் கம்பி நன்று. அணையாவிடின் அக்கம்பி எங்கோ உறை தேய்ந்து என்ஜின் உடலைத் தொடுகிறது. அதுவே உண்மையான பொய்ச் சங்கு. கம்பி நன்றாயிருந்தும் ஓடுகையில் எச்சரிக்கை வந்தால், ஸ்விட்சின் இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி மெக்கானிக் அளந்து பார்த்த பின்னரே புதிய ஸ்விட்சை மாற்ற வேண்டும். அளக்காமல் மாற்றுவது குறிபார்க்காமல் கல்லெறிவது போன்றது.

இங்கே ஒரு நுட்பத்தை அன்பர்கள் கருத வேண்டும். நாம் பணிபுரியும் இரயில்வேயில், தண்டவாளத்தின் வழியே மெல்லிய மின்சாரம் ஓடி ஒரு ரிலேயைத் தாங்கி நிற்கிறது. வண்டி வந்து நின்றால் மின்சாரம் சக்கரங்களின் வழியே திரும்பிவிட, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிறது. கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், மழைநீர் தேங்கி மின்சாரம் கசிந்தாலும் அதே சிவப்புத்தான். 1872 இல் வில்லியம் ராபின்சன் என்பார் வகுத்த ஏற்பாடு இது. மழைக்காலத்தில் பிரயாணிகள் நம்மைக் கடிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் பழுது நேருமிடத்து வண்டி நிற்க வேண்டுமேயன்றி ஓடலாகாது என்பதே அதன் தருமம்.

நாம் மேலே கூறிய ஒற்றைக் கம்பி மோட்டார்ச் சங்கோ இதற்கு நேர்மாறானது. கம்பி தேய்ந்து உடலைத் தொட்டால் பொய்யாக அலறும். கம்பி அறுந்தாலோ என்றென்றும் மௌனம் காக்கும். பொய் அலறல் உறக்கத்தைக் கெடுக்கும். பொய் மௌனம் என்ஜினைக் கெடுக்கும். எண்ணெயின்றி ஓடும் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொண்டால், படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இரையாகும். மைத்துனர் அறுக்க எண்ணும் கம்பி எது என்பதை இப்பொழுது எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய இடங்களிலும் இத்தவறு நிகழ்ந்ததுண்டு. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய்த் துரப்பண மேடை 2010 ஏப்ரல் 20 ஆம் நாள் வெடித்துத் தீப்பற்றியது, பதினொருவர் மாண்டனர். அம்மேடையின் பொது அபாயச் சங்கு தானாக ஒலியாதவாறு தடுத்து வைக்கப்பட்டிருந்தது என்று அங்குப் பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவர் அவ்வாண்டு ஜூலை விசாரணையில் சாட்சியம் அளித்தார். பொய்ச் சங்கினால் இரவில் உறங்குவோர் விழித்துக்கொள்ளலாகாது என்பதே அவர் கூறிய காரணம். விபத்துக்குக் காரணங்கள் பல. எனினும் இச்சாட்சியம் நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

நடுக்கடலில் சங்கு ஒலித்தால் செய்யவேண்டுவது யாது? உடனே வேகத்தைக் குறைத்து, குளிர்நீர்த் தாரையையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்காயின் என்ஜினை நிறுத்திய பின்னரே எண்ணெயை அளக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். காரணம் விளங்காவிடில் ஓட்டாமல் உதவி கோருவதே நலம். டூ-ஸ்ட்ரோக்கில் பம்பு பழுதென்று ஐயமெழுந்தால், பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்து மெல்லக் கரை சேரலாம். ஐம்பதுக்கு ஒன்று என்பது பொதுவாக வழங்கும் அளவு. இருபத்தைந்து லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் எண்ணெய். கைநூல் வேறு அளவு கூறினால் அதனையே கொள்க. இதற்காக ஒரு புட்டி எண்ணெயைப் படகில் எப்பொழுதும் வைத்திருப்பது சிறந்தது. கரையில் சோதிக்கும்போது, தண்ணீர்க் குழாயை இணைக்காமல் மோட்டாரை ஓட்டலாகாது. ஓட்டினால் நீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைகள் கருகிவிடும்.

ஆகவே அன்பரின் மைத்துனருக்கு நாம் எழுதும் விடை இதுவே: கம்பியை அறுக்க வேண்டாம். முதலில் மோட்டாருக்குள் இருக்கும் எண்ணெயைப் பாருங்கள், பிறகு குழாயையும் மூடியையும் பாருங்கள், அதன்பின் மிதவை அல்லது ஸ்விட்சு, கடைசியில் கம்பி. இவ்வரிசையில் பார்த்துப் பொய்யென்று மெய்ப்பித்த பின்னரே சங்கைக் குறை கூறலாம். அப்பொழுதும் அதனைச் செப்பனிட வேண்டுமேயன்றி ஊமையாக்கலாகாது.

ஊரில் படகுள்ள உறவினர் உடைய அன்பர்கள் இப்பக்கத்தை மடித்து அடுத்த கடிதத்தோடு அனுப்பி வைப்பார்களாக. கடலுக்குச் சென்றவர் கரை திரும்பும் வரையில் வீட்டில் விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருப்போரின் நெஞ்சம் எத்தன்மையது என்பதைத் தொலைதூரத்தில் வாழும் நாம் நன்கறிவோம்.