முதியவர் தோலில் செதிலா? டாக்டரிடம் காட்டுங்கள்!

முதியவருக்குக் கையிலும் காலிலும் தோல் தடித்து, செதில் செதிலாக உதிர்கிறது. "வயதாகிவிட்டது, தோல் வறண்டுவிட்டது" என்று வீட்டார் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதோடு சரி.

சில வாரம் கழித்துப் பேரன் சொறிகிறான். மருமகளும் சொறிகிறாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. நினைக்கவேண்டும்!

அது கடுமையான சிரங்காக இருக்கலாம்.

லட்சக்கணக்கில் பூச்சி

சிரங்கைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. தோலைத் துளைத்து, உள்ளே முட்டையிடும். சாதாரணச் சிரங்கில் 10, 15 பூச்சிகள்தான் இருக்கும். கடுமையான வகையில் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்கும்! உதிரும் செதிலிலும் பூச்சி உண்டு. அதனால் வேகமாகப் பரவும்.

1848-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் டேனியல்சன், போக் இருவரும் தொழுநோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அதனால் "நார்வே சிரங்கு" என்று பெயர் வந்தது. ஆனால், எந்த நாட்டிலும் இது வரும்.

ஏமாற்றும் நோய்

சிரங்கு என்றால் அரிக்கும். ஆனால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவர்களில் சிலருக்கு அரிப்பே இருக்காது. இதனால் கரப்பான், சோரியாசிஸ் என்று டாக்டர்களே நினைத்துவிடுவது உண்டு. அதற்கான ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் சிரங்கு முற்றும். தோல் வெடித்துச் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து!

கண்டுபிடிப்பது கடினமா? இல்லை. செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூச்சியும் முட்டையும் தெரியும். அப்படிப் பார்க்கவேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றவேண்டும். அதற்கு வீட்டார் உதவவேண்டும். "களிம்பு தடவியும் குறையவில்லை. வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள்" என்று மறைக்காமல் சொல்லவேண்டும்.

வெட்கம் எதற்கு?

பெர்மெத்ரின் களிம்பும் ஐவர்மெக்டின் மாத்திரையும் இதற்கு மருந்து. டாக்டர் சொன்னபடி பலமுறை கொடுக்கவேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்கவேண்டும். துணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசவேண்டும்.

சிரங்கு அழுக்கானவர்களுக்குத்தான் வரும் என்பது தவறு. தினமும் குளிப்பவருக்கும் வரும். முதியவரைத் திண்ணையில் ஒதுக்குவது வைத்தியம் ஆகாது. அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். வீட்டார்தான் கையைப் பிடித்து, விரலிடுக்கைப் பார்க்கவேண்டும்.