கல்லின் பிறப்பும் வளர்ப்பும்

எரிமலை கக்கிய கல் என்றால் எல்லாம் ஒரே கல்தானே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. மனிதரைப் போலவே கல்லுக்கும் பிறப்பு ஒன்று, வளர்ப்பு ஒன்று. எந்தெந்த வஸ்துக்கள் சேர்ந்து உண்டாயிற்று என்பது அதன் பிறப்பு; எவ்விதம் ஆறிக் குளிர்ந்தது என்பது அதன் வளர்ப்பு.

மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் செல்லும்போது, வழியிலுள்ள மலைகள் ராக்ஷசர்கள் ஏறுவதற்குக் கட்டிய படிக்கட்டுகளைப் போல் அடுக்கடுக்காய் நிற்பதைக் காண்கிறோம். சுமார் 6 கோடியே 60 லக்ஷம் வருஷங்களுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து நெருப்புக் குழம்பு வெள்ளம் வெள்ளமாய்ப் பெருகி, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்ததால் உண்டானவை இவை. இக்கல்லுக்கு பஸால்ட் என்று பெயர். இன்றும் தக்ஷிணத்தில் ஏறக்குறைய 5 லக்ஷம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கிறது.

அவ்வளவு தூரம் அது எப்படி ஓடிற்று? மணலில் உள்ள ஸிலிகா என்னும் வஸ்துவே அதற்கு விடை. பஸால்ட்டில் ஸிலிகா நூற்றுக்கு 50 பங்கு அளவில்தான் உண்டு. இரும்பும் மக்னீஸியமும் மிகுதி. ஆகவே கல்லும் கறுப்பு, குழம்பும் இளகியது. ஸிலிகா 70 பங்கை எட்டிவிட்டால் ரயோலைட் என்னும் வெளிறிய கல் உண்டாகும். இடைப்பட்டது ஆண்டிஸைட். ஸிலிகா ஏற ஏறக் குழம்பு, கஞ்சி களியாவதுபோல் இறுகுகிறது. உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற வழியின்றிக் குமுறி வெடிக்கிறது.

இந்த வித்தியாசம் மனித உயிர்களையே பொறுத்தது. 1902-ஆம் வருஷம் மே 8-ந் தேதி, மார்த்தினீக் தீவில் பெலே எரிமலை வெடித்து, கொதிக்கும் ஆவியும் சாம்பலும் ஸேன்-பியேர் நகரின்மேல் பாய்ந்தன. சில நிமிஷங்களில் ஏறக்குறைய 28,000 பேர் மாண்டனர். அம்மலையின் கல் ஆண்டிஸைட்!

இனி வளர்ப்பைப் பார்ப்போம். ஸிலிகா மிகுந்த ஒரே குழம்பு, பூமிக்குள் மெல்ல மெல்ல ஆறினால் பெரிய மணிகள் கொண்ட கிரானைட் ஆகிறது. வெளியே வந்து விரைவில் ஆறினால், கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாலான ரயோலைட். மணிகள் உருவாகவே அவகாசமின்றி உறைந்தால், அப்ஸிடியன் என்னும் கறுப்புக் கண்ணாடி. ஆவியால் நுரைத்து உறைந்தாலோ, நீரில் மிதக்கும் நுரைக்கல். 1883-இல் கிரகடோவா எரிமலை கக்கிய நுரைக்கல், ஹிந்து மகா சமுத்திரத்தில் மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை சென்றது.

தக்ஷிணத்துப் படிக்கட்டின் ரகசியமும் இதுதான். ஒவ்வொரு குழம்பு வெள்ளத்திலும் ஆவிக் குமிழிகள் மேலே கூடியதால் மேற்பாகம் பொத்தலாகிவிட்டது, நடுப்பாகம் கெட்டியாயிற்று. மழையும் காற்றும் பொத்தல் கல்லை எளிதில் அரித்துவிட, கெட்டிக் கல் செங்குத்தாய் நிற்கிறது.

எல்லோராவில் கைலாஸநாதர் ஆலயத்தை 8-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் இதே பஸால்ட் மலையில்தான் மேலிருந்து கீழாகக் குடைந்தனர். ஸிலிகாவின் கணக்கை அவர்கள் அறியார்கள். ஆயினும் உளி பட்ட இடத்தில் கல் கெட்டியா, பொத்தலா என்பதை அவர்கள் கை அறிந்திருக்க வேண்டும். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாதல்லவா?