யார் விவசாயி? முதலில் அதைச் சொல்லுங்கள்!

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா தாத்தா பேரில் இருக்கும், அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். வாரிசுகளில் ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். அதில் நெல்லோ மல்லாட்டையோ போடுவது குத்தகைக்கு எடுத்த பக்கத்துத் தெருக்காரர். களை எடுப்பது கூலிக்கு வரும் பெண்கள். குத்தகைக்குச் சீட்டு எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

இதில் விவசாயி யார்?

"இதென்ன கேள்வி, பயிர் வைக்கிறவன்தானே" என்பீர்கள். அரசாங்கத்தைக் கேட்டால் எந்த மேஜையில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் நிலம் பேரில் உள்ள குடும்பம்தான் விவசாயி. குத்தகைக்காரருக்கு இடமில்லை. 2016ல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைக்காரரும் வாரதாரரும் சேரலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயிரிடுபவர் ஒரு கட்டம், கூலிக்குப் போகிறவர் வேறு கட்டம். 2007ல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கையோ கூலித் தொழிலாளி, ஆடு மாடு வளர்ப்பவர், மீனவர், தேனீ வளர்ப்பவர் வரை எல்லோருமே விவசாயி என்று எழுதி வைத்திருக்கிறது!

ஒரே ஆள் ஒரு மேஜையில் விவசாயி, அடுத்த மேஜையில் யாருமில்லை.

சரி, இப்போது என்ன அவசரம்? மத்திய அரசு 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் அடித்தளம் அக்ரிஸ்டாக். விவசாயிகள் பதிவேடு, கிராம நில வரைபடம், விதைத்த பயிர்ப் பதிவேடு என்று மூன்று. தமிழ்நாட்டிலும் தனித்துவ அடையாள எண் கொடுக்க 2025ல் முகாம் போட்டார்கள். பட்டா கையில் இருந்தால் வேலை சுலபம். குத்தகைதாரரைச் சேர்ப்பது பற்றிக் கேட்டால், மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பதில்.

பிரச்சனையே இந்த "விரும்பினால்" என்பதில்தான் இருக்கிறது. எண் எத்தனை இலக்கம், ஆதாரோடு எப்படி இணைப்பது, ஒரு சர்வர் இன்னொன்றோடு எப்படிப் பேசுவது என்பதற்கெல்லாம் தரநிலை உண்டு. எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதற்கு மட்டும் ஒப்பந்தம் இல்லை. காணியை 1.32 ஏக்கர் என்று பெருக்கிவிடலாம். மல்லாட்டையும் வேர்க்கடலையும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடலாம். 'விவசாயி'யை எந்த எண்ணால் பெருக்குவது?

ஒரு துறையில் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம், ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைப்பதைக் கணினிக்காரர்கள் ஆன்டாலஜி என்பார்கள். பேர்தான் பயமுறுத்தும். காமர்ஸ்காரர்களுக்கு இது புதிதே இல்லை. 2010-11 நிதியாண்டிலிருந்து குறிப்பிட்ட வகைக் கம்பெனிகள் எக்ஸ்.பி.ஆர்.எல். முறையில் கணக்குத் தாக்கல் செய்கின்றன. அங்கே ஒவ்வொரு தலைப்புக்கும் அர்த்தம் எழுதிய பொது அகராதி இருக்கிறது, அதன் மேல்தான் கோப்பு வடிவம் நிற்கிறது.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இந்த் ஏ.எஸ். 116 அமலில் இருக்கிறது. பக்கத்து நெய்வேலி என்.எல்.சி. மாதிரி ஒரு பெரிய கம்பெனி ஒரு கட்டடத்தை ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுத்தால், அந்தப் 'பயன்படுத்தும் உரிமை' அதன் புத்தகத்தில் சொத்தாக ஏறும். கட்டடம் யாருடையது என்பது வேறு, யார் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு. கம்பெனிக்குப் புரிகிற இந்த வித்தியாசம் குடியானவன் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

செய்ய வேண்டியது இதுதான். நிலத்துண்டு, உரிமையாளர், சாகுபடி செய்பவர், கூலிக்கு உழைப்பவர் நான்கையும் தனித்தனிப் பொருளாக வையுங்கள். "இந்தச் சம்பா பருவத்தில் இந்தத் துண்டில் இவர் சாகுபடி செய்தார்" என்று உறவைக் காலத்தோடு எழுதுங்கள். ஒருவரே மூன்றாகவும் இருக்கலாம், தப்பில்லை. எந்தத் திட்டம் இவர்களில் யாருக்கு என்பதை அந்தந்தத் திட்டம் வெளிப்படையாகச் சொல்லட்டும். இந்த அகராதி தமிழிலும் வெளியாகட்டும், கிராம சபையில் படிக்கப்படட்டும்.

"குத்தகைக்காரர் பேரை எழுதினால் நிலமே போய்விடும்" என்று நிலக்காரர்கள் பயப்படுவார்கள். பயம் நியாயமானதுதான். 1955 சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்துத்தான் பலர் சீட்டே எழுதுவதில்லை. ஆனால் உரிமையையும் சாகுபடியையும் ஒரே கட்டத்தில் அடைத்தால்தானே சண்டை? ஆந்திரா 2019ல் உரிமையைத் தொடாமல் 11 மாதச் சாகுபடி அட்டைக்குத் தனிச் சட்டமே போட்டது. நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்பது அதன் பெரிய ஓட்டை. ஆனாலும் இரண்டையும் பிரித்து எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

"அர்த்தம் எல்லாம் அப்புறம், முதலில் எண் கொடுப்போம்" என்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தோப்புக்காரருக்குப் போனது மரம். மகசூலைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் போனது அந்த வருஷப் பிழைப்பு. இழப்பு இரண்டு, ஆளும் இரண்டு. அடுத்த புயலுக்கு நிவாரணம் அடையாள எண்ணைப் பார்த்துத்தான் வரும் என்றால், பதிவேட்டில் பேரே இல்லாதவர் எந்த வரிசையில் போய் நிற்பார்?

சாப்ட்வேர் தப்பை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். அர்த்தத்திலேயே விட்டுப்போன மனிதரை எந்தப் பதிப்பும் தேடிக் கண்டுபிடிக்காது. இன்னும் எழுதி முடிக்காத பதிவேடுதான் இது. திருத்த வேண்டிய நேரம் இப்போதுதான்.