பஞ்சாயத்து வேண்டாம், உடன் செல்ல ஒருவர் வேண்டும்



இன்று நான் எழுதப்போவது பலருக்கும் கசப்பான ஒன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடங்களில் தேர்வு, புறப்பாட நடவடிக்கை, குறைந்துவரும் மாணவர் எண்ணிக்கை என எத்தனையோ பேசுகிறோம். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அப்படியே பேச்சு எழுந்தாலும், 'யார் வீட்டுப் பிள்ளை?' என்ற கேள்வியோடு அது வெறும் வம்பாகி முடிந்துவிடுகிறது.

ரிச்சர்ட் ஹக்கல் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் நீதிமன்றம் இந்த ஆங்கிலேயனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. 71 குற்றச்சாட்டுகளை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். கோலாலம்பூரில் வறிய இந்தியக் கிறித்துவக் குடும்பங்களிடையே தேவாலயத் தொண்டன் என்றும் ஆங்கிலம் கற்பிப்பவன் என்றும் பழகிப் பிள்ளைகளைச் சீரழித்தவன் அவன். பாதிக்கப்பட்டவர்களில் ஆறு மாதக் குழந்தையும் உண்டு. 2006 முதல் 2014 வரை இக்கொடுமை நடந்தது. இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் அவனிடமிருந்து கைப்பற்றப்பட்டன. அவனை இணையத்தில் முதலில் மோப்பம் பிடித்தவர்கள் ஆஸ்திரேலியக் காவல்துறையினர். கைது செய்ததோ பிரிட்டிஷ் அதிகாரிகள்.

எங்கோ கடல் கடந்து இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்த நாம் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளையாவது வாய் திறக்க முயன்றிருக்காதா? திறந்திருந்தால் யாரிடம் சொல்லியிருக்கும்? கேட்டவர் அடுத்து என்ன செய்திருப்பார்? அன்றிலிருந்து என் மனத்தைக் குடையும் கேள்விகள் இவை.

அவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியும் ஒரு காரணமாக, 2017ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் (சட்டம் 792) நடப்புக்கு வந்தது. இத்தகைய வழக்குகளுக்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றமும் அதே ஆண்டு புத்ராஜெயாவில் திறக்கப்பட்டது. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவை ஆசிரியர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவர் ஐயாயிரம் வெள்ளி வரை அபராதத்திற்கு உள்ளாகலாம். ஆசிரியர், பெற்றோர், அண்டை வீட்டார் என எவருக்கும் இது பொருந்தும். பிள்ளையின் பொறுப்பில் உள்ளவரே குற்றவாளியானால் 16ஆம் பிரிவின்கீழ் கூடுதல் தண்டனை உண்டு. அப்பட்டியலில் உறவினரும் இருக்கிறார், குழந்தை பராமரிப்பாளரும் இருக்கிறார், ஆசிரியரும் இருக்கிறார்!

ஆனால், நடைமுறை என்ன? 'முதலில் நாமே விசாரித்து உறுதி செய்துகொள்வோம்' என்கிறோம். வகுப்பாசிரியர் கேட்கிறார். பிறகு கட்டொழுங்கு ஆசிரியர், துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர் எனப் படி ஏறுகிறது. அடுத்துப் பெற்றோர் வரவழைக்கப்படுகின்றனர். எட்டு வயதுப் பிள்ளை ஒரே நாளில் ஐந்து பேரிடம் ஒரே கதையைச் சொல்கிறது. ஆறாவது முறை காவல் அதிகாரியிடம் சொல்லும்போது அதற்குச் சலிப்பும் பயமும் மிஞ்சி, சொற்கள் முன்னும் பின்னுமாக மாறிவிடுகின்றன. அந்த முரண்பாட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். விசாரிப்பது நம் வேலை அன்று. 'நீ சொன்னது நல்லது, இது உன் தவறில்லை, உனக்கு உதவி செய்பவர்களிடம் நாம் போகலாம்' என்று சொல்லி, பிள்ளை கூறியதை அதன் சொற்களிலேயே ஒரு தாளில் தேதியோடும் நேரத்தோடும் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

ஜொகூரில் நம் நிலை இன்னும் சிக்கலானது. அதிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் ஸ்கூடாய், மாசாய், கூலாய் வட்டாரங்களில் எத்தனை பேர்! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாழ்க்கைச் செலவு அப்படி. அவர்கள் திரும்பும்வரை பிள்ளை பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ, வேன் ஓட்டுநரிடமோ, பிரத்தியேக வகுப்பிலோ இருக்கிறது. பெரும்பாலோர் நல்லவர்கள். ஆனால், தீங்கு செய்பவனும் பெரும்பாலும் இந்த வட்டத்திலிருந்தே வருகிறான். முன்பின் தெரியாதவனிடம் மிட்டாய் வாங்காதே என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். தெரிந்த மாமா கைப்பேசி கொடுத்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. (ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 'பையன்தானே' என்ற அலட்சியம் ஆசிரியர் அறைகளிலும் உண்டு.)

செய்தி வெளியில் கசிந்தவுடன் குடும்பத்தில் பஞ்சாயத்து தொடங்குகிறது. பெரியவர்கள் கூடுகிறார்கள். சிலவேளை ஆலயப் பொறுப்பாளரோ வட்டாரப் பிரமுகரோ வருகிறார். செய்தவன் காலில் விழுகிறான், அல்லது ஒரு தொகை கைமாறுகிறது. அடுத்த வாரம் பிள்ளை பள்ளி மாற்றப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான என் பணிக்காலத்தில், காரணம் எழுதப்படாத இத்தகைய பள்ளி மாற்றங்களை நான் கண்டிருக்கிறேன். மாறிப் போவது எப்போதும் பிள்ளைதான். அவன் அதே வீட்டில், அதே தெருவில் இருக்கிறான்.

பெற்றோர் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? 'மானம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. வீட்டு வாடகை கட்டுபவனே குற்றவாளியாக இருந்தால் தாய் எங்கே போவாள்? பெயர் வெளியே வந்தால் நாளை இந்தப் பெண்ணை யார் மணப்பார்கள் என்ற அச்சமும் வெற்றுக் கற்பனை அன்று. தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி வழக்கைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு துணிந்து புகார் கொடுத்த மாணவியின் பெயரைக் காவல்துறை உயரதிகாரியே செய்தியாளர்களிடம் வெளியிட்டார். அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. அவ்வளவுக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ஆம் நாள் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிகள் எவரும் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் தெரிவித்தார்.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. நாளிதழ்கள் பெரும்பாலும் கட்டுப்படுகின்றன. பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள்தாம் கட்டுப்படுவதில்லை.

சரி, எங்கே போவது? இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில், கற்றறிந்த ஆசிரியர்கள் பலருக்கும் இது தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியலுக்கு எத்தனையோ கோட்பாடுகளை மனனம் செய்தோம். இந்த ஒரு வழியை எவரும் எங்களுக்குக் காட்டவில்லை.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலேயே ஓஎஸ்சிசி எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் இயங்குகிறது. 1990களின் முற்பகுதியில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, 1996 முதல் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. உலகின் பல நாடுகள் பின்னர் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது! ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ செல்லலாம். முதலில் காவல் நிலையம் போய்விட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. பொதுக் கூட்டத்தில் காக்க வைக்காமல் தனி அறையில் மருத்துவர் பார்ப்பார். காயத்திற்குச் சிகிச்சை, நோய்த்தொற்றுக்கும் கருத்தரிப்புக்கும் எதிரான தடுப்பு மருந்து, தடயச் சேகரிப்பு, காவல்துறைப் புகார், மருத்துவ சமூகப் பணியாளரின் உதவி ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் நடக்கும்படி அமைக்கப்பட்டது அது.

முதல் 72 மணி நேரம் மிக முக்கியம். தாய்மார்களே, பிள்ளையைக் குளிப்பாட்டி விடாதீர்கள்! குளிப்பாட்டத்தான் மனம் துடிக்கும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலம் கடந்துவிட்டாலும் போகலாம். சிகிச்சையும் ஆலோசனையும் அப்போதும் உண்டு. நள்ளிரவானாலும் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம்.

ஏற்பாடுகள் இருக்கின்றன. குறைவது வேறொன்று. அந்த அறைக்குள் நுழையும் நம் பிள்ளைக்கும் தாய்க்கும் பெரும்பாலும் தமிழில் பேச ஒருவர் இல்லை.

'மாமா என்கூட விளையாடுனாரு' என்கிறது பிள்ளை. வாக்குமூலம் மலாய் மொழியில் எழுதப்படுகிறது. 'விளையாடினார்' என்பது 'பெர்மாயின்' ஆகிவிட்டால் அங்கே குற்றம் எங்கே இருக்கிறது? 'மாமா' யார்? நம் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுநரும் மாமா, கடைக்காரரும் மாமா, அம்மாவின் தம்பியும் மாமா. மொழிபெயர்ப்பவர் அதைத் 'தாய்மாமன்' என்று எழுதிவிட்டால் வழக்கு ஒரு நிரபராதியின் தலையில் போய் விழும். உடலுறுப்புகளுக்கு 'ஷேம் ஷேம்' என்பதைத் தவிர வேறு சொல்லே நாம் வீட்டில் கற்பிக்கவில்லை. நலக்கல்விப் பாடத்தில் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் வருகிறது. ஆசிரியர்கள் சிலர் அப்பக்கத்தைக் கூச்சத்தோடு புரட்டிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறார்கள். கூச்சப்பட்ட அந்தப் பக்கத்தில்தான் பிள்ளை பிறகு சொல்ல வேண்டிய சொற்கள் இருந்தன.

சட்டம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சிறார் சாட்சியச் சட்டத்தின்படி பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்தோ நேரலைக் காணொளி வழியாகவோ சாட்சி சொல்லலாம். உடன் ஒரு பெரியவர் இருக்கலாம். பினாங்கில் பெண்கள் மாற்றத்திற்கான மையம் (டபிள்யூசிசி) 1985 முதல் இயங்குகிறது. பாதிக்கப்பட்டோருடன் நீதிமன்றம்வரை துணைக்குச் செல்வது அதன் பணிகளில் ஒன்று. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக 'ஓகே தாக் ஓகே' என்ற பாதுகாப்புப் பயிற்சியையும் அது உருவாக்கியது. 1982இல் தொடங்கிய மகளிர் உதவி இயக்கம் (டபிள்யூஏஓ) கிள்ளான் பள்ளத்தாக்கில் புகலிடம் நடத்துகிறது. தமிழ் பேசும் துணைவர்கள் நம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்றால், அதை இவர்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக் கூடாரத்திற்கும் கேடயங்களுக்கும் செலவிடுவதை நான் எதிர்க்கவில்லை. அதில் ஒரு பகுதியை, ஆண்டுக்கு நான்கைந்து பேரைப் பயிற்சிக்கு அனுப்ப ஒதுக்கலாம் அல்லவா? ஒருநாள் விழிப்புணர்வு உரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. உரையாற்றியவர் பொன்னாடையோடு போய்விடுவார். இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் ஒரு தாய் அழுதுகொண்டு நிற்கும்போது, மலாயும் தமிழும் அறிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் வந்து அருகில் அமர வேண்டும். வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதுவரையிலும் அதே முகம் வர வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாத முகமாக அது இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியைகளை விடவும் இதற்குப் பொருத்தமானவர் யார்? பிள்ளைகளின் மொழி அவர்களுக்குத் தெரியும். பாரம் நிரப்பவும் தெரியும். காவல் அதிகாரிகளில் சிலர் அவர்களின் முன்னாள் மாணவர்கள்கூட!

எங்கள் வட்டாரத்தில் கேட்டுப் பார்த்தேன். இதுவரை நால்வர் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருவர் தாதி, ஒருவர் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் தாய். அடுத்த பள்ளி விடுமுறையில் பயிற்சிக்குச் செல்கிறார்கள். ஐந்தாவதாக வாகனம் ஓட்டத் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். நால்வரில் மூவருக்கு இரவில் கார் ஓட்டிப் பழக்கமில்லை.