சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். ட்ரையல் பாலன்ஸில் 417 ரூபாய் இடிக்கிறது. ராத்திரி 9 மணி. கடைசி பஸ் போய்விடும். என்ன செய்வோம்? அந்த 417-ஐ 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று எழுதி டேலி பண்ணிவிட்டுக் கிளம்புவோம். காலையில் தேடிக்கலாம் சார்!

மூளையும் இதே வேலையைச் செய்யும் என்று போன வருஷம் என் கிளாஸ்மேட் வீட்டில் பார்த்தேன்.

காலேஜில் அவன் கால்குலேட்டரைத் தொட்டதில்லை. முழுப் பக்கக் கூட்டலை விரல் ஓட்டியே சொல்லிவிடுவான். அப்புறம் வேலை, சம்பளம், சாயங்காலமானால் குவார்ட்டர். 15 வருஷத்தில் குவார்ட்டர் சாப்பாடாகி, சாப்பாடு சைட் டிஷ் ஆகிவிட்டது.

"வாடா மாப்ளே!" என்றான். காலேஜ் கதைகளெல்லாம் அட்சரம் பிசகாமல் வந்தன. பேச்சுவாக்கில், "நேத்து எங்கே போயிருந்தே?" என்றேன்.

"ஆடிட்டுக்குத் திருச்சி போனேன்டா. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல செம கூட்டம்."

பின்னாலிருந்து அவன் மனைவி 'இல்லை' என்று தலையாட்டினார். 3 மாசமாக வாசல்படி தாண்டவில்லையாம். காபி வந்தது, குடித்தோம். 10 நிமிஷம் கழித்து, "ஏம்மா, இவனுக்குக் காபி குடுக்கலையா?" என்றான்.

பொய் இல்லை ஸ்வாமி. 1887-லேயே செர்கெய் கோர்சகோவ் என்ற ரஷ்ய டாக்டர் இந்த வியாதியை விவரித்துவிட்டார். பழைய ஃபைல் பத்திரமாக இருக்கும். புது என்ட்ரி ஏறாது. காலியான இடத்தில் மூளை ஏதாவது பழைய பயணத்தை எடுத்துப் போட்டு டேலி பண்ணிவிடும். அது சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று அவனுக்கே தெரியாது.

காரணம் தயமின் என்கிற பி1 வைட்டமின் பற்றாக்குறை. (நம்ம புழுங்கலரிசியில் இருக்கிற சமாசாரம்தான்.) குடி பசியைக் கொல்லும். தின்ற கொஞ்சத்திலிருந்தும் தயமினைக் குடல் சரியாக இழுக்காது. உடம்பில் ஸ்டாக் சில வாரத்துக்குத்தான். அது தீர்ந்தால் மூளையால் சர்க்கரையைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. ஞாபகத்தைப் பதிக்கிற இடங்கள் பழுதாகின்றன.

கொடுமை என்னவென்றால், இதன் முதல் அபாய மணியே போதை மாதிரிதான் இருக்கும். உளறல், தள்ளாட்டம், கண் நிலைகொள்ளாமல் ஆடுவது. அப்போதே ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகத் தயமின் ஏற்றினால் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை.

அதற்கும் ஒரு வருஷம் முன்னால் ஒரு கல்யாண ரிசப்ஷன். லாட்ஜ் ரூமில் அவன் சுவரைப் பிடித்து நடந்தான். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம். "ஓவராயிடுச்சு, தூங்கினா சரியாயிடும்" என்று படுக்க வைத்து, ஃபேனைப் போட்டு, லைட்டை அணைத்தவன் நான்தான். இதை இன்னும் அவன் மனைவியிடம் சொல்லவில்லை.

கிளம்ப எழுந்தேன்.

"அட, வாடா மாப்ளே! எப்ப வந்தே? ஏம்மா, காபி..."

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே" என்று கண்ணாலேயே கெஞ்சினார் அவர்.

மூன்றாவது காபிக்கு உட்கார்ந்தேன்.