மரங்களை எண்ணினால் காடு கணக்கில் வருமா?

மைசூருவிலிருந்து கோழிக்கோட்டுக்குச் செல்லும் 400 கிலோவோல்ட் மின்தடம் குடகின் காடுகளையும் காப்பித் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. பவர்கிரிட் நிறுவனம் அமைத்த இத்தடத்திற்காகக் குடகில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பலியாகும் என்று குடகு வனவிலங்குச் சங்கம் எச்சரித்தது. உயர் நீதிமன்றம் வரை சென்று போராடியது. பயனில்லை. 2015இல் மரங்கள் வீழ்ந்தன, கோபுரங்கள் எழுந்தன.

இத்தகைய தடத்தின் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடுவது யார்? எவரும் மதிப்பிட வேண்டியதில்லை என்பதே சட்டத்தின் விடை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் மின்கடத்தல் தடங்களுக்கு இடமே இல்லை. வனநிலமாயின் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி, சரணாலயமாயின் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல், அவ்வளவே. அங்கே நடப்பது பரப்பளவுக் கணக்கு: அகலம் 46 மீட்டர், கிலோமீட்டருக்கு 4.6 ஹெக்டேர், இத்தனை மரம், இத்தனை ரூபாய், ஈடாக வேறெங்கோ சில கன்றுகள். கிளைவிட்டுக் கிளை தாவும் மலையணிலுக்கு அந்த 46 மீட்டர் கடக்கவியலாத ஆறு என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சூழ்ச்சி இன்னும் ஆழமானது. இத்தடம் கைகா அணுமின் நிலையத்தின் 3, 4ஆம் அலகுகளுக்கான மின்கடத்தல் அமைப்பின் பகுதி. அவ்வலகுகள் 2007, 2011 ஆண்டுகளிலேயே இயங்கத் தொடங்கிவிட்டன. நிலையம் ஒரு கோப்பு, தடம் வேறொரு கோப்பு. முதல் கோப்பு முடிந்த பின்னர், "உற்பத்தியான மின்சாரம் வீணாவதா?" என்ற கேள்வியே இரண்டாம் கோப்புக்கு ஒப்புதலாகிவிடுகிறது.

பவர்கிரிட் பொதுத்துறை நிறுவனம்தானே என்று தோழர்கள் சிலர் தயங்கக்கூடும். பொதுத்துறையைப் பாதுகாப்பது வேறு, அதற்கு மக்களிடம் பதில் சொல்லும் கடமையிலிருந்து விலக்களிப்பது வேறு. இதே விலக்கு, ஏல முறையில் மின்தடங்களைக் கைப்பற்றிவரும் அதானி குழுமத்துக்கும் பொருந்தும் என்பதை மறக்கலாகாது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இடதுசாரிகளும் ஆதிவாசி இயக்கங்களும் போராடிப் பெற்றது. அது தந்த கிராம சபை ஒப்புதல் என்னும் கவசத்தை, சாலை, கால்வாய், மின்தடம் போன்ற நீள்திட்டங்களைப் பொறுத்தவரை, 2013 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை கழற்றிவிட்டது. நாடாளுமன்றம் இயற்றியதை ஒரு சுற்றறிக்கை தளர்த்தியது! அதே குடகு மாவட்டத்தில், 2025 மே மாதம் நாகரஹொளெ காட்டிலுள்ள தம் மூதாதையர் நிலத்துக்குத் திரும்பிய ஜேனு குருபக் குடும்பங்களை வனத்துறை ஆக்கிரமிப்பாளர்களாகவே நடத்தியது. கோபுரத்துக்கு வழிவிடும் காடு, தேனெடுப்பவனுக்கு மூடிக்கொள்கிறது.

மின்சாரம் வேண்டாம் என்று உழைக்கும் மக்கள் சொல்லவில்லை. வேறு வழியில் மதிப்பிட முடியுமா என்று கேட்போர் 1979ஐ நினைவுகூர வேண்டும். அமைதிப் பள்ளத்தாக்கு அணை விவாதத்தில் இடதுசாரி முகாமே இரண்டுபட்டு நின்ற காலம் அது. தாவரவியலாளர், மின்பொறியாளர், பொருளாதார அறிஞர் உள்ளிட்ட ஐவரைக் கொண்டு கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. காட்டின் உயிரினங்களோடு மலபாரின் மின்தேவையையும் அது கணக்கில் எடுத்தது. அத்தேவையை நிறைவேற்ற மாற்று வழிகளையும் முன்வைத்தது. திட்டத்தை முன்மொழிபவரே பணம் கொடுத்து எழுதுவித்த அறிக்கை அன்று அது.